தூணடியில் ஒரு பலகை

இன்று காலை பையைத் துழாவியபோது உன் காகித டேப் சுருள் கையில் பட்டது. அதன் முனை நீ மடித்து வைத்தபடியே இருந்தது. அதோடுதான் மருத்துவமனைக்குப் போனேன். நம் வழிகாட்டிப் பலகைகளுக்கு இன்று சோதனை நாள்.

அந்த இரண்டாம் மாடிக்காக நாம் பட்ட பாடு! வரைபடத்தில் லிஃப்டுக்கு எதிர்ச்சுவரில் பலகை வைத்திருந்தோம். பார்க்க அழகுதான். ஆனால் கதவு திறந்ததும் எல்லோரும் ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி நடந்து, தூணருகே போய்த் திகைத்தார்கள். சுவரை யாரும் பார்க்கவில்லை. நீ தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் நின்ற இடத்தில் டேப்பால் பெருக்கல் குறி ஒட்டினாய்.

"என்னம்மா, கோலமா?" என்றார் பெஞ்சில் இருந்த ஓர் அம்மா.

"ஆமாம்மா. புள்ளி வெச்சாச்சு, இனிமேதான் கோடு."

சாயங்காலம் குறிகளெல்லாம் தூணடியில் குவிந்து கிடந்தன. "பாருடி, இங்கதான் போர்டு கேக்கறாங்க," என்றாய்.

தூணில் பலகை மாட்டினால் கட்டடத்தின் அழகு கெடும் என்றார் மருத்துவமனைக் கண்காணிப்பாளர், கன்னடக்காரர். நீ அவரோடு கன்னடத்திலேயே விடாமல் வாதாடினாய். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: மாட்டிய பிறகும் ஜனங்கள் வழி கேட்டு அலைந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார். பிறகு வாசலில் பழையபடி ஒரே பெரிய பட்டியல்தான் இருக்கும். "ஆய்த்து சார்," என்று அவர் மொழியிலேயே ஒப்புக்கொண்டு சிரித்தாய்.

பலகைகள் தயாராகி வந்தபோது நீ உயிரோடு இல்லை.

இன்று கண்காணிப்பாளர் கைகட்டிப் பார்த்தபடி நின்றார். நான் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட் திறந்தது. கையில் கட்டுப் போட்ட ஒரு பெண்ணும் ஹெல்மெட்டோடு அவள் கணவனும் வெளிச்சத்தை நோக்கி நடந்தார்கள். தூணடியில் நின்றார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, எலும்பு படம் போட்ருக்கு பாருங்க. லெஃப்ட்ல போகணும்."

அவ்வளவுதான். பின்னால் வந்தவர்களும் அப்படியே திரும்பினார்கள். மதியம் விசாரணை மேசைப் பெண் எழுந்து வந்தாள். "மேடம், காலைலேந்து எங்கிட்ட யாருமே பேசல. போர் அடிக்குது!" கண்காணிப்பாளர் சிரித்துவிட்டார். மற்ற மாடிகளையும் நம்மையே செய்யச் சொன்னார். நம்மை என்றுதான் சொன்னார்.

ஆளில்லாத படிக்கட்டில் நின்று உன் பெயரை ஒருமுறை உரக்கச் சொன்னேன். ஜெயித்துவிட்டோம்டி.

பிறகு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்திலும் என் கண் முதலில் போவது மனிதர்களின் கால்கள் மேல்தான். திருப்பத்தில் ஒருவர் தயங்கி நின்றார். அவருக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டு, உன் டேப்பின் மடித்த முனையைப் பிரித்து, அவர் நின்ற இடத்தில் முதல் புள்ளியை வைத்தேன்.