மாதா இருந்த இடம்

தன்னாமுனை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் றொசானிக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நோர்வேக் குளிரில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மா நாளும் செபமாலை சொல்கிறாள், உன்மேல் கோபம் வந்தும் அதை விடவில்லை. போனில் பேசினால் அவள் பக்கத்தில் நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன். காரின் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த மாதா சுரூபத்தைக் கழற்றுங்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து அவள் உன்னோடு பேசவில்லை அல்லவா. ஆயித்தியமலைத் திருவிழாவில் உன் தம்பி ஜெனிஸ்டன் வாங்கிக் கொடுத்த சுரூபம் அது. அவனைப் புதைத்த கிழமை, தான் உட்காரும் சீற்றுக்கு நேரே அவளே பசை போட்டு ஒட்டினாள். அதைக் கழற்றச் சொன்னது அவளுக்குத் தம்பியையே காரிலிருந்து இறக்கிவிடச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

நீ சொன்னதை நான் யோசித்துப் பார்த்தேன். கார் மோதி நின்றாலும் உள்ளே இருக்கிற ஆள் அதே வேகத்தில் முன்னுக்குப் போவார், பெல்ட் அவரைப் பிடிக்கும், காற்றுப் பை விரிந்து முகத்தை ஏந்தும், நிற்கிற நேரம் கொஞ்சம் நீண்டால் அடியும் அந்தளவுக்குக் குறையும் என்றாய். தோணியிலிருந்து சீமெந்துக் கட்டின்மேல் குதித்தால் முழங்கால் நோகும், வாவிச் சேற்றில் குதித்தால் நோகாது, அதுதானே மகள். ஆனால் அந்தப் பை கண் இமைக்கும் முன் வெடித்து வரும், அதன் மூடிக்கு மேலே சுரூபம் நின்றால் அது அம்மாவின் முகத்துக்குத்தான் பாயும் என்றும் சொன்னாய். நீ சொன்னது அவள் காதிலும் விழுந்ததுதான், ஆனால் அதை மறுபடி அவளிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்பா பயந்தாங்கொள்ளி என்றே வைத்துக்கொள்.

போன ஞாயிறு பூசை முடிந்து சித்தாண்டியில் ஒரு செத்தவீட்டுக்குப் போனோம். வந்தாறுமூலையில் மாட்டுக் கூட்டம் ஒன்று திடீரென்று றோட்டில் ஏறிவிட்டது. நான் அடித்த பிரேக்கில் பின் சீற்றில் கிடந்த குடை பறந்து வந்து முன் கண்ணாடியில் மோதியது. அம்மாவை பெல்ட் இறுக்கிப் பிடித்து நிறுத்திவிட்டது. மாட்டுக்கும் ஒன்றுமில்லை, எங்களுக்கும் ஒன்றுமில்லை. அவள் தோளைத் தடவிக்கொண்டு அந்தக் குடையையே பார்த்தபடி இருந்தாள். செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பி எங்கள் வீட்டு வாசலில் கார் நின்ற பிறகுதான் சொன்னாள், "அவன்ட ஹெல்மெட் கையில தொங்கிச்சி, தலையில ஒண்டும் இரிக்கல்ல. எனக்கு இரிக்கிற பைய நானே அடைச்சி வெச்சிரிக்கன்." பொலிசைக் கண்டால் போடலாமென்று தம்பி ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனானே, அந்தக் கடைசி நாளைப் பற்றி அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. நான் அழுதுவிட்டேன் மகள். பிறகு என் தூண்டிலின் தங்கூசி நூலை எடுத்து, சுரூபத்தின் அடியில் கொடுத்து, மெல்ல மெல்ல அறுத்து அவளே கழற்றினாள், என்னைத் தொட விடவில்லை. மாதா இப்போது தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறா.

தம்பியின் ஆண்டுப் பூசை வருகிற மாதம். அதற்கு முன் அம்மாவுக்கு ஒரு போன் கோல் எடு, "நான் சொன்னது சரிதானே" என்று மட்டும் கேட்டுவிடாதே. குளிரென்று தடித்த கோட்டுக்கு மேலே பெல்ட் போடாதே, அது உடம்போடு ஒட்டிக் கிடந்தால்தான் பிடிக்கும், நீ சொல்லித் தந்ததையே உனக்குச் சொல்கிறேன். பசை இருந்த இடத்தில் வட்டமாய் ஓர் அடையாளம் கிடக்கிறது, நீ வரும்போது கண்டால் ஒன்றும் கேட்காதே. அதைச் சுரண்டக் கூடாது என்றுவிட்டாள். காரில் ஏறியதும் அந்த இடத்தைத் தொட்டுச் சிலுவை போடுகிறாள், பெல்ட்டை இழுத்து மாட்டுகிறாள், அதற்குப் பிறகுதான் காரை எடுக்கச் சொல்கிறாள்.

மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
ஹெக்டர்