மேடம் மறுபடி கேட்ட கிழங்கு

ஒரானி, பத்தான்
1993 டிசம்பர் 19, ஞாயிறு

அன்புள்ள நிக்கானோருக்கு,

இங்கே ஆண்டவர் புண்ணியத்தில் எல்லாம் நலம். நீ இருக்கும் கடலும் உன்னிடம் நல்லபடியாக நடந்துகொள்கிறது என்று நம்புகிறேன். குளிர்நாட்டுப் பக்கம் போகிறோம் என்று எழுதியிருந்தாய். பெட்டியின் அடியில் நான் வைத்த கம்பளிக் காலுறையை எடுத்துப் போட்டுக்கொள். கூட இருப்பவர்கள் கேலி செய்தால் செய்யட்டும். கேலி செய்கிறவன் கால் விறைத்துப் போய் உன்னிடமே கடன் கேட்டு வருவான், பார்.

பின்பக்கத்துக் கூரை ஒழுக்கை அடைத்தாகிவிட்டது. ஆள் வைக்கவில்லை, நானே ஏறினேன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. கிறிஸ்துமஸ் நெருங்குவதால் சந்தையில் மீன் நான் கூவாமலே விற்றுப்போகிறது. விடியற்காலைப் பூசைக்குத் தவறாமல் போகிறேன், பாதிப் பூசையில் தூங்கிவிடுகிறேன் என்பது வேறு விஷயம். உன் கப்பல் ஏஜென்சிக்காரர்கள் ஒரு பன்றித்தொடை ஹாமும், சிவப்பு மெழுகு பூசிய உருண்டைச் சீஸ் ஒன்றும் கொடுத்தனுப்பினார்கள். அந்தச் சீஸைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன் உன் மகள் மரிவிக் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே விஷயம்தான்.

அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் புது வருஷத்தோடு அவளை மணிலாவில் உன் அக்கா பெலென் வீட்டில் விட்டுவிடலாமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நான் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. பதில் எனக்கே தெரியவில்லை. நீ கப்பல் ஏறியதிலிருந்து அவள் என்னை, தெருவில் பெரியவளைக் கூப்பிடுவது போல, ‘ஆலிங் செண்டா’ என்றுதான் கூப்பிட்டாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மீன் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால்தானோ என்னவோ, வீட்டுக்குள்ளும் நான் மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான். பதினைந்து வயதில் தாயைப் பறிகொடுத்த வீட்டில் இன்னொருத்தி வந்து அடுப்பு மூட்டினால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் இம்மாத ஆரம்பத்தில் ஒரு நாள், மலையடிவாரத்துக்காரி ஒருத்தி என்னிடம் மீன் வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பை நிறைய சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்துவிட்டுப் போனாள். மண் வாசனை போகாத, சிவப்புத் தோல் கிழங்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குச் சுடச்சுடக் கொடுக்கலாம் என்று ஆசையாக வேகவைத்துத் தட்டில் வைத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் அப்படியே சிவந்துவிட்டது. “நீங்களுமா? யார் சொன்னாங்க உங்ககிட்ட? சந்தை பூரா தெரிஞ்சு போச்சா?” என்று கத்திவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கையில் உப்பை வைத்துக்கொண்டு நிற்கிறேன். என்ன குற்றம் செய்தேன் என்று ஒன்றும் புரியவில்லை.

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, “அம்மாடி, நான் மீன்காரி, எனக்குப் பூடகமா சொன்னா விளங்காது, நேரா திட்டு” என்றேன். அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து துண்டு துண்டாக வந்தது. அல்ஜீப்ராப் பரீட்சையில் தோற்றுவிட்டாளாம். பேப்பரைக் கொடுக்கும்போது வில்யாருஸ் மேடம் வகுப்பில் எல்லார் முன்னாலும், “மரிவிக், உனக்கு இதெல்லாம் எதுக்கு? போய்க் கிழங்கு நடு” என்றாராம். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயரே கிழங்காகிவிட்டது. நீயும் நானும் படித்த காலத்தில் இந்த வார்த்தையைக் கேட்காமல் யார் படித்தோம்? ஆனால் நமக்குத் தோல் தடிப்பு. அவளுக்கு இல்லை. ஜனவரியிலிருந்து பள்ளிக்கூடம் போகமாட்டேன், வகுப்பு கிறிஸ்துமஸ் விருந்துக்கும் போகமாட்டேன் என்று முடிவு பண்ணிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில், மீன் வெட்டும் கத்தியோடே அந்த மேடத்தைப் பார்க்கப் போயிருப்பேன். போகவில்லை. போனால் நாளைக்கு அவளுக்குத்தானே இன்னொரு பெயர் வைப்பார்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். விருந்துக்கு ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து ஏற்பாடு. மூன்றாம் நாள் அவளிடம், “நீ விருந்துக்குப் போற. கிழங்கோட போற” என்றேன். அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “அதுக்கு நேரா என்னைக் கொன்னு போட்டுடலாமே!” என்றாள். நான் விடவில்லை. “உன்னைக் கிழங்குன்னாங்க இல்லையா? கிழங்குன்னா என்னன்னு அவங்க இன்னும் சரியா தின்னு பார்க்கலை” என்றேன்.

உனக்குத்தான் தெரியுமே, அமெரிக்கர்கள் சுபிக் கடற்படைத் தளத்தில் இருந்த காலத்தில் நான் அவர்கள் சமையலறையில் வேலை பார்த்தேன். நவம்பர் மாதம் அவர்கள் வான்கோழியை அறுத்து ஒரு பெரிய விருந்து வைப்பார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள இந்தக் கிழங்கை மசித்து, மேலே மார்ஷ்மெல்லோ என்கிற பஞ்சு மாதிரி மெத்தென்ற மிட்டாயைப் போட்டுச் சுடுவார்கள். ஒரு வாய் வைத்தால் பல் கூசும். சமையலறையில் இருந்த நாங்கள் எங்களுக்கென்று ஒரு தட்டில் மிட்டாய்க்குப் பதில் சீஸ், பூண்டு, வெங்காயம் போட்டுச் சுட்டுக்கொள்வோம். ஒரு தடவை அந்தத் தட்டு தவறி அதிகாரிகள் மேஜைக்குப் போய்விட்டது. காலித் தட்டுதான் திரும்பி வந்தது. அதைச் சொன்னதும் மரிவிக்கின் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஏதோ அசைந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆரம்பித்தோம். ‘தோம்’ என்று எழுதுகிறேன், கவனி. நான் கிழங்கைத் தோலோடு வேகவைத்து இறக்கும்போது அவள் தானாக வந்து தோல் உரிக்க உட்கார்ந்தாள். “சீஸ் எங்க?” என்றாள். நான் அந்தச் சிவப்பு உருண்டையைக் காட்டினேன். “ஐயோ, அது கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு! அப்பா ஏஜென்சி கொடுத்தது!” என்று இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டாள். “உங்க அப்பா நடுக்கடல்ல இருக்கார், மோப்பம் பிடிச்சு வரப் போறதில்லை” என்று நான் கத்தியை இறக்கிவிட்டேன். ஆகவே நிக்கானோர், உன் சீஸில் பாதி போய்விட்டது. கோபித்துக்கொள்வதாக இருந்தால் இந்த இடத்தில் கோபித்துக்கொண்டு மேலே படி.

வெண்ணெயில் பூண்டையும் வெங்காயத்தையும் பொன்னிறமாக வதக்கி, டின் பாலை ஊற்றி, கொதி வந்ததும் துருவிய சீஸில் ஒரு பங்கைப் போட்டுக் கரைத்தேன். வட்டம் வட்டமாக நறுக்கிய கிழங்கை அடுக்கத் தட்டு தேடினேன். என்னிடம் இருந்ததெல்லாம் சின்னச் சின்னது. மரிவிக் நாற்காலி போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து லூஸின் கேக் சுடும் தட்டை எடுத்தாள். அவள் அம்மா போனபின் அந்தத் தட்டை யாரும் தொட்டதில்லை, நானும் தூசி தட்டக்கூடக் கை வைத்ததில்லை. கழுவித் துடைத்து என் முன்னால் வைத்து, “இது போதுமான்னு பாருங்க” என்றாள். போதும் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கிய கண் என்பதால் அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

கிழங்கு ஒரு அடுக்கு, பால் சாறு ஒரு கரண்டி, சீஸ் ஒரு பிடி. மறுபடி கிழங்கு. உச்சியில் உப்பு பிஸ்கட்டை நொறுக்கித் தூவி, துருவியதில் மிச்சத்தை அள்ளிப் போட்டு, நீ கோபே துறைமுகத்திலிருந்து சுமந்து வந்த மின்சார ஓவனுக்குள் தள்ளினோம். கரண்டு இப்போதெல்லாம் பரவாயில்லை என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, போய்விட்டது. விருந்துக்கு நேரமாகிறது. சீஸ் பாதி உருகி, பாதி அப்படியே நிற்கிறது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள்தான், “கோயில் வாசல்ல அரிசி அப்பம் எப்படிச் சுடறாங்க? கீழ கரி, மேல தகரத்துல கரி. அதே மாதிரி செஞ்சா என்ன?” என்றாள். சொல்லிவிட்டு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஆலிங் பாசிங்கிடம் ஓடி, அவள் அப்பக்கடைத் தகரத்தையும் மண்ணடுப்பையும் கையோடு கொண்டுவந்தாள். ஆலிங் பாசிங்கும் பின்னாலேயே வந்து, “என் தகரத்தைக் கடன் கொடுத்திருக்கேன், எனக்கு ஒரு துண்டு வராம போகாதே” என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். மரிவிக் கரியை விசிறினாள். முகமெல்லாம் சாம்பல். சீஸ் பழுப்பேறிக் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி வந்தபோது, மூவரும் நின்று பார்த்தோம். அந்த வாசனைக்கு நீ உண்மையிலேயே நடுக்கடலிலிருந்து வந்திருப்பாய்.

தட்டு கனம் என்பதால் பள்ளிக்கூடம் வரை நானும் போனேன். நான் வாயே திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் சத்தியம் வாங்கினாள். மேஜையில் நூடுல்ஸ், ஸ்பகெட்டி, பொரித்த கோழி என்று வரிசையாக இருந்தது. கோழிக்குப் பக்கத்தில் நம் தட்டை வைத்தோம். வில்யாருஸ் மேடம் கோழி எடுத்தார், ஓரத்தில் நம் தட்டிலிருந்து ஒரு கரண்டி. சாப்பிட்டார். திரும்பி வந்து இன்னொரு கரண்டி. மூன்றாவது தடவை வந்தபோது கரண்டியைக் கையில் பிடித்தபடியே, “இது யார் வீட்டுது? பூசணியா, உருளைக்கிழங்கா? என்னன்னே தெரியலை, ஆனா நிறுத்த முடியலை” என்றார்.

அறையே மரிவிக்கைத் திரும்பிப் பார்த்தது. நான் கதவோரம் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் காது வரை சிவந்து போய் எழுந்து நின்றாள். மெல்லத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“கிழங்குதாங்க, மேடம். நட்டது வேற யாரோ. சுட்டது நான்.”

அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. மேடத்தின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, போச்சு, பிள்ளையைத் தொலைத்தோம் என்று நினைத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “எனக்கு வேணும்டி. நல்லா வேணும். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இன்னொரு கரண்டி போடு, அப்புறமா என் மேல கோபப்படு” என்றார். அவள் போட்டாள். நிறையவே போட்டாள். ஜனவரியிலிருந்து சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார், அல்ஜீப்ரா சொல்லித் தருவதாக. பதிலுக்கு இந்தக் கிழங்கைச் சுடும் விதத்தை அவள் சொல்லித் தர வேண்டுமாம். நாங்கள் கிளம்பும்போதும் சிலர் அவளைக் கிழங்கு என்றுதான் கூப்பிட்டார்கள். “கிழங்கே, அடுத்த தடவை எங்க வீட்டுக்கும் சுட்டுத் தா” என்று கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் வழியில் காலித் தட்டை அவளே மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். மீன் சந்தையைத் தாண்டியதும், தரையைப் பார்த்தபடி, “என்னை மணிலாவுக்கு அனுப்பப் போறீங்களாமே? பெலென் அத்தை போன்ல சொன்னாங்க” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளாக இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அனுப்பப்படுவதற்கு முன்னால் தானாகவே விலகிவிடலாம் என்று பள்ளிக்கூடத்தையும் என்னையும் சேர்த்தே கைவிடப் பார்த்திருக்கிறாள். “அனுப்பறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. சனிக்கிழமை கிளாஸுக்கு வர்றேன்னு மேடம்கிட்ட ஒத்துக்கிட்டேன், அதுக்குத்தான் கேக்கறேன்” என்றாள். அதற்குத்தானாம்!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீ போயிட்டா அந்தத் தட்டுல ஒட்டியிருக்கிற சீஸை யாரு சுரண்டறது? எனக்கு இடுப்பு வலி” என்றேன். வீட்டுக்கு வந்ததும் தட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, கரி படிந்த என் ஏப்ரனையும் பிடுங்கிச் சேர்த்து ஊறப் போட்டாள். “இப்படியா வந்து பள்ளிக்கூடத்துல நிப்பீங்க? மூக்குல கூட கரி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, துடைச்சுவிட்டிருப்பேன்ல” என்று திட்டினாள். நிக்கானோர், இந்த வீட்டில் என்னை ஒருத்தி திட்டிவிட்டாள். நான் அன்றைக்கு முழுதும் சந்தோஷமாக இருந்தேன்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அக்கா பெலெனுக்கு நீயே எழுதிவிடு. அவர் நல்ல மனசோடுதான் கேட்டார், நன்றி சொல்லி எழுது. மரிவிக்குக்கு இங்கே சனிக்கிழமைகளில் வேலை இருக்கிறது என்று எழுது.

கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு மிச்சப் பாதிச் சீஸ் இருக்கிறது, ஹாமும் இருக்கிறது. பக்கத்தில் வைக்கக் கிழங்கு சுடுவது அவள் பொறுப்பு, நான் பக்கத்தில் வரக் கூடாது என்று உத்தரவு. ஆலிங் பாசிங் இப்போதே தகரத்தைத் தேய்த்து வைத்துவிட்டாள். உனக்கும் ஒரு தட்டு எடுத்து வைப்போம், வராவிட்டாலும்.

காற்றும் அலையும் உனக்கு இணக்கமாக இருக்கட்டும். கன்னி மாதா உன் கப்பலின் முன்னும் பின்னும் நிற்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. இனி எழுதும்போது மரிவிக் எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காதே. நீங்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத இங்கே இரண்டு பேர் காத்திருக்கிறோம்.

உன் அன்பு மனைவி,
ரொசெண்டா