கூட்டுப்புழுவை எழுப்பும் அளவு

நாள் 203. காலை 07:10
செவ்வாயைச் சுற்றும் ஆய்வுக்கலம். ஆள்: நான் ஒருத்தி, மங்கையர்க்கரசி. வெப்பம் 25 டிகிரி. ஈரப்பதம் 70. நாற்பது பட்டுக்கூடுகளை பிளேடால் கீறி, உள்ளிருந்த கூட்டுப்புழுக்களை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

கூடு கட்டிய ஒன்பதாம் நாள் கூட்டுப்புழுவின் தலையில் ஒரு மரபணு வேலையைத் தொடங்குகிறது. இந்த நாற்பதிலும் செய்திருப்பதுபோல் அதை அடக்கினால் பூச்சி வெளிவராது. சாகவும் சாகாது, தூங்கிக்கொண்டே இருக்கும். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தை ஊசியில் ஏற்றினால் எழும். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. ஊர் திரும்ப நான் எட்டு மாதம் தூங்கியாக வேண்டும். என்னை எழுப்பப்போவதும் இதே புரதம்தான்.

நாள் 209. 11:40
ஓசூர் ஆய்வகத்தில் இதே சோதனையைச் செய்பவள் செண்பகவல்லி. கல்லூரி விடுதியில் எனக்கு அறைத்தோழி. முதலில் இருபது பூச்சிகளை எழுப்பியவருக்கே மரபணுவுக்குப் பெயர் வைக்கும் உரிமை.

இன்று எனக்கு மூன்று எழுந்தன. அளவு, கிராம் எடைக்கு 3.0 மைக்ரோகிராம். கொண்டாடுவதற்குள் அவள் செய்தி வந்தது. "என்னோடது லேசா அசையுதுடி மங்கை. நீ எவ்ளோ ஏத்துன?"

வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அவள் தங்கப் பதக்கம் வாங்கியபோது எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியவள் நான். இன்னொரு முறை தட்ட முடியாது.

0.3 என்று பதில் அனுப்பினேன். அந்த அளவில் ஒன்றுகூட எழாது.

நாள் 216. 16:05
இருபது எழுந்தன. ஈரச் சிறகோடு தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. படம் அனுப்பிவிட்டேன். அறிக்கையிலும் 0.3 என்றே எழுதினேன், ஊர் போய்த் திருத்திக்கொள்ளலாம். அவளுடையவை இன்னும் தூங்குகின்றனவாம். நன்றாகத் தூங்கட்டும்.

நாள் 230. 09:05
உறக்கப்பெட்டியில் படுத்தாயிற்று. மூடி பூட்டிவிட்டது, இனி உள்ளிருந்து திறக்காது. 09:40க்கு உறக்க மருந்து இறங்கும். பயணி தன்னை எழுப்பும் புரதத்தின் அளவைத் தானே போடக்கூடாது என்பது விதி. தரையிலிருந்து செண்பகாதான் அதைப் பெட்டிக்குப் போடுவாள். அதில் எனக்குப் பயமில்லை. அவள் தன் கணக்கைத் தவிர எதையும் நம்பாத திமிர்க்காரி.

09:21
அவள் செய்தி. அப்படியே பதிகிறேன்.

"மங்கை, தோத்துட்டேன்டி. மரபணுவுக்கு உன் பேரையே வைக்கச் சொல்லி நானே எழுதிக் குடுத்துட்டேன். உன்ன எழுப்புற அளவு என் கணக்குல வேற வந்துச்சு. என் புழு ஒண்ணுகூட எந்திரிக்கல, என் கைதான் சரியில்ல போல. அதனால என் கணக்க அழிச்சிட்டு உன் 0.3ஐயே வெச்சுப் போட்டுட்டேன். நல்லாத் தூங்கிட்டு வா."

09:24
இங்கிருந்து தரைக்குச் செய்தி போக ஆறு நிமிடம், திருத்தம் வர ஆறு. மருந்து தொடங்கிவிட்டால் பெட்டி எந்தத் திருத்தத்தையும் ஏற்காது. உடனே அனுப்ப வேண்டும். ஒரு வரி போதும். அந்த வரியைப் படித்ததும் அவள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். கோபப்பட மாட்டாள். மன்னித்துவிடுவாள். பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டாள்.

09:33
ஐந்து முறை எழுதி அழித்தேன். நேரம் தாண்டிவிட்டது. மூடிக் கண்ணாடிக்கு வெளியே, தட்டில் ஒரு பூச்சி முட்டையிடுகிறது. முந்தாநாள் நான் எழுப்பியது.

09:41
இறங்குகிறது. கால் இல்லை. விரல் பாதி. இதைக் கண்டெடுப்பவர் யாரானாலும், பெட்டியில் இருப்பவள் சாகவில்லை. எழுப்ப முடியும். அளவு 0.3 அல்ல, நான் சொன்னது பொய். செண்பகாவிடம் சொல்லுங்கள், அவள் கை சரியாகத்தான் இருந்தது. சரியான அளவு