வீட்டுக்காரர் முன்னால் சொன்ன பதில்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே நீயும் இருமல் இல்லாமல் தூங்கி எழுகிறாய் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். மருந்துக்கடை அக்காவுக்குத்தான் என் ஓட்டு என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. கேட்டது போனில் ஒரு பெண், உள்ளூர்ப் பத்திரிகைக்காகக் கருத்துக் கணிப்பு எடுக்கிறாளாம். என் குரலைக் கேட்டுவிட்டு, வீட்ல பெரியவங்க இருந்தா கூப்பிடும்மா என்றாள். நான்தான் பெரியவள், வேலைக்குப் போகிற பெண் எனக்கு இருக்கிறாள் என்று நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு வார்டு தேர்தலில் யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்டாள். எதிரே, நாம் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டின் சொந்தக்காரர், நம் வீட்டுக்காரர், வழக்கம்போல அப்பாவோடு செஸ் ஆடிக்கொண்டிருந்தார். அக்காவை எதிர்த்து நிற்பவரே அவர்தான். குதிரையைக் கையில் தூக்கியபடி என்னைப் பார்த்தார். அவர் பெயரைச் சொல்லிவிட்டேன். தேங்க்ஸ்மா என்று குதிரையை வைத்தார்.

நல்ல மனிதர்தான், நம் குழாய் ஒழுகினால் தானே ஸ்பேனரோடு வருகிறவர். ஆனால் தெருமுனையில் இருக்கும் சாயங்கால கிளினிக்கை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம் கட்டப்போகிறேன் என்கிறார். நீ மூச்சுத் திணறியபோதெல்லாம் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் ஓடிய கிளினிக் அது. அதை மூடக்கூடாது என்பதற்காகத்தான் அக்கா நிற்கிறாள். கணிப்பு வெளிவந்தது, வீட்டுக்காரர் எங்கேயோ முன்னால், அக்கா கண்ணுக்கு எட்டாத தூரத்தில். அதற்கப்புறம் தெருவே ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அக்காவுக்காக நோட்டீஸ் கொடுத்த தையற்கார அம்மாவே, எப்படியும் அவர்தான் வரப்போறார், நம்ம ஓட்டை ஏன் வீணாக்கணும் என்றாள். ஜெயிக்கிற பக்கம் போட்டாதான் ஓட்டுக்கு மரியாதை என்றார் அப்பா. செஸ்ஸில் மட்டும் தினமும் தோற்கிற பக்கமே உட்காருகிறீர்களே என்று கேட்டேன். அக்காவும் மனம் விட்டுப்போய், இனி ஓட்டுக் கேட்டுப் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மனதில் இருப்பதை வெளியே விடாதவள் நான், உனக்கே தெரியும். ஆனாலும் நேரே கடைக்குப் போய், அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன், வாயில் வந்தது ஒன்று மனதில் இருப்பது ஒன்று என்றேன். அக்கா மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்படிச் சிரித்தாள். நீ பரவாயில்லைடி, எங்க வீட்டு மனுஷனையும் கேட்டிருக்காங்க, அவரும் வீட்டுக்காரர் பேரைத்தான் சொல்லியிருக்கார் என்றாள். கடைக் கட்டடமும் வீட்டுக்காரருடையதுதானே, போன் வந்த நேரம் பார்த்து அவர் பிரஷர் மாத்திரை வாங்க எதிரே நின்றிருந்தாராம். கட்டின புருஷன் ஓட்டே எனக்கு இல்லைன்னு பேப்பர்ல போட்டுட்டாங்க பாரு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று மாலையே ஷட்டரை இறக்கிவிட்டு வீடு வீடாகக் கிளம்பினாள், நானும் கூடப் போனேன். யாருக்குப் போடுவீர்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை. போனில் நானும் அக்காவின் கணவரும் சொன்ன பதிலை மட்டும் சொன்னோம். தையற்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஐயையோ நானும்தான் என்றாள், இன்னும் எத்தனை நானும்தான் கேட்டோம் தெரியுமா.

நேற்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். அப்பா யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் போன் முன்னறையில், வீட்டுக்காரர் போனுக்குப் பக்கத்தில். அங்கேயும் தேர்தல் வருகிறது என்றாயே, கணிப்பைப் படி, தப்பில்லை, பதில் சொன்னபோது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் அதில் போட்டிருக்க மாட்டார்கள். அக்கா வந்துவிடுவாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ அனுப்பிய நாவலில் பாதி தாண்டிவிட்டேன், முடிவைச் சொல்லிவிடாதே. இன்ஹேலரை அலமாரியில் வைக்காதே, பையிலேயே இருக்கட்டும். எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடி வரட்டும், நன்றாக இரு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

கவரை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. அக்கா ஜெயித்துவிட்டாள். வீட்டுக்காரர் வந்து, நம் போனிலேயே அவளைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். பிறகு உட்கார்ந்து காய்களை அடுக்கினார்.