கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து

நவம்பர் 3, திங்கள். கராமா, துபாய்.

இன்று எனக்கு எழுபத்து மூன்று வயது, இரண்டு மாதம், பதினொரு நாள். இந்தத் துல்லியம் எனக்குத் தேவையில்லை. மருத்துவக் காப்பீட்டுப் படிவத்துக்குத் தேவை. வெயில் சற்று இறங்கியிருக்கிறது. ஐந்து மாதத்துக்குப் பின் பால்கனிக் கதவைத் திறந்தேன். எதிர்க் கட்டடத்து ஏசிகளின் இரைச்சல். மூடினேன்.

வேலைகள்: மாத்திரை. புளி. படிவம்.

படிவம் பாதியில் நிற்கிறது. சுபா நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். என் மகள், நாற்பத்து நான்கு வயது, ஜெபல் அலியில் ஒரு கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி. ஏழு ஆண்டுகளில் ஏழு மணிக்கு முன் வந்ததில்லை. செருப்பைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள்.

"கார்ட வாங்கிக்கிட்டாங்கம்மா."

"எந்தக் கார்டு?"

"கேட் கார்டு. வியாழக்கிழமை விசாரணை. அதுவரைக்கும் டூட்டிக்கு வரக் கூடாதாம்."

நடந்தது இது. தணிக்கைக் கூட்டம். புதிய மேலாளர் அமெரிக்கர். வந்து மூன்று மாதம். நானூறு தீயணைப்புக் கருவிகளையும் மாதந்தோறும் எப்படிச் சோதித்து முடிக்கிறாய் என்று, பாராட்டாகத்தான், கேட்டிருக்கிறார். இவள் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். ஏழு வருட அனுபவம்" என்றிருக்கிறாள்.

பழைய மேலாளர் ஆங்கிலேயர். அவராக இருந்தால், "அடுத்த முறை என் கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுவிடு" என்று அதே முகத்தோடு சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பார். அமெரிக்கர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தணிக்கையாளரும்.

உண்மையில் இவள் நானூறையும் குனிந்து, மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். சாட்சி: குளியலறையில் மூட்டுவலித் தைலம், மாதம் இரண்டு குப்பி.

அவள் வேலை போனால் அவள் விசா போகும். அதன் கீழ் என் விசா. டிசம்பரில் என் இடது கண்ணுக்கு அறுவை. காப்பீடும் அந்த வேலையோடு ஒட்டியதே. திருச்சி வீட்டை விற்று ஆறு ஆண்டு. போக இடம் என்று ஒன்று இல்லை.

படிவத்தை மடித்து வைத்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்.

புழுக்கம். சரியான தூக்கம் இல்லை. இரத்த அழுத்தம் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

குற்றம் யாருடையது என்று யோசித்தால் கை என்னைக் காட்டுகிறது. கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டு ஆங்கிலம் நடத்தினேன். வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தேன்: வேடிக்கை சொல்பவர் சிரிக்கக் கூடாது, "சும்மா சொன்னேன்" என்று சொன்னால் தோல்வி. சாப்பாட்டு மேசையில் கணவர், நான், சுபா மூவரும் கல்முகத்தோடு ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருப்போம். விருந்தாளிகள் சண்டை என்று நினைத்துச் சீக்கிரம் கிளம்புவார்கள். அதுவும் வசதியாக இருந்தது. ஆங்கிலேயரின் சிரிப்பே உயர்ந்தது என்று வகுப்பில் சொன்னவள் நான். மகளை அதிலேயே வளர்த்தேன்.

புளி வாங்கக் கீழே போனேன். மளிகைக் கடை ஜப்பார் பாய், கீழக்கரைக்காரர், ஆங்கிலேயர், அமெரிக்கர் இரு நாட்டவருக்கும் முப்பது ஆண்டு சாமான் விற்றவர். யார் பெயரும் சொல்லாமல், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரித்தேன்.

"டீச்சரம்மா, வெள்ளக்காரங்கள்ல ரெண்டு ஜாதி. உடைஞ்ச முட்டையக் குடுத்தா இங்கிலீஷ்காரரு 'கவலப்படாதீங்க'ம்பாரு. அம்புட்டுத்தான், அப்புறம் கடைப் பக்கமே வரமாட்டாரு. அமெரிக்காக்காரரு கத்துவாரு, மாத்திக் குடுத்தா 'அற்புதம்'பாரு. உப்புப் பொட்டலத்துக்கும் அற்புதந்தான்."

"யாரு தேவல?"

"கத்துறவரு தேவல. என்ன நெனைக்கிறாருன்னு தெரியுமில்ல?"

பின்னால் பால் வாங்க நின்ற பெண் தொலைபேசியில்: "மாஃபி, மாஃபி, லீவெல்லாம் கிடையாதாம்." இந்த ஊரில் அரபியில் 'இல்லை' என்பதை எல்லோரும் கற்றுக்கொள்கிறோம்.

புளி வாங்க மறந்துவிட்டேன்.

மாலையில் சுபாவின் தோழி வந்தாள். அவளிடமும் சுபா வழக்கமான பல்லவி: "அம்மா என் ப்ளஸ் டூ வருஷம் எனக்காக வேலையவே விட்டாங்க. அவங்கள நான் இங்க வச்சுக் காப்பாத்த வேணாமா?" நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

நவம்பர் 5, புதன்.

காலை பத்து மணி. பதற்றத்துக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். தொலைக்காட்சியில் ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர், ஓர் அமெரிக்கத் தொடர். ஆளுக்கு இரண்டு அத்தியாயம். குறிப்புகள்:

பிரி.: நாயகன் தோற்றவன், அது அவனுக்கு மட்டும் தெரியாது. கடைசியிலும் தெரியாது. சிரிப்பு, யாரும் பேசாத இடத்தில். அனைவரும் சங்கடத்தில் நெளிய, அத்தியாயம் முடிகிறது.

அமெ.: வேலை இருப்பவர்கள், வேலைக்குப் போவதே இல்லை. ஒருவன் கேலி செய்கிறான், பக்கத்தில் இருப்பவள் சிரித்துக் காட்டுகிறாள். தவறு செய்தவன் ஒப்புக்கொள்கிறான். கட்டிப்பிடிக்கிறார்கள். கட்டிப்பிடிப்பதற்கு இசை வேறு.

இரண்டு முறை சிரித்தேன். இரண்டும் அமெ. சுபா வெளியே போயிருந்தாள், வீட்டில் யாரும் இல்லை.

ஒன்று தோன்றியது. வகுப்பில் சொல்லியிருக்க வேண்டியது. கல்முகம், நெடுநாள் ஒரே தெருவில் இருந்தவர்களுக்கு. முகத்தின் பின்னால் இருப்பது அவர்களுக்குத் தெரியும். அமெரிக்கா போல் பல தேசத்தார் வந்து சேர்ந்த ஊரில், இது வேடிக்கை என்று கையை உயர்த்திச் சொல்லியாக வேண்டும். அதை மடமை என்றேன். மரியாதையாகவும் இருக்கலாம். துபாயும் அப்படிப்பட்ட ஊர்தான்.

மூன்று மணிக்கு அலுவலகத்தின் மனிதவளப் பெண் அழைத்தாள். பதிவேடுகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றனவாம். வேடிக்கையாகச் சொன்னேன் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நாளையே முடிந்துவிடுமாம்.

"எழுத மாட்டேன்" என்றாள் சுபா.

"ஏன்டீ?"

"ஏழு வருஷமா முட்டி தேய வேல பாத்திருக்கேன். அது அவருக்குத் தெரியலன்னா என் தப்பா? வெளக்கம் சொன்னா அது ஜோக்கே இல்லன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

"அப்ப எனக்கு மாசச் சம்பளம் இருந்துச்சு."

சிரிக்கவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரிந்த பிடிவாதம். அதுதான் பயம்.

நவம்பர் 6, வியாழன்.

வெளியே மூடுபனி, மெட்ரோ பாலம் தெரியவில்லை. ஒரு மாத்திரை போட்டேன். போட்டேனா என்று சந்தேகம். இன்னொன்று போடவில்லை.

விசாரணை பதினொன்றுக்கு. ஒன்பதரைக்கு லிஃப்ட் வாசல் வரை அவளோடு போனேன். ஒருபோதும் போனதில்லை. ஒரு விஷயம் சொன்னேன். நான்கு வாக்கியம். லிஃப்ட் வந்தது, ஏறினாள், கதவு மூடிக்கொண்டது. 

பதினொன்று. பதினொன்றே கால். பருப்பு கருகியது. பன்னிரண்டு. இப்போது கவலை இரண்டு: அவர்கள் என்ன சொல்வார்கள், அவள் என்ன சொல்வாள்.

ஒன்று பத்துக்கு அழைப்பு.

"எழுதிக் குடுத்துட்டேன். கார்டு வந்துருச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"மேசையத் தட்டிச் சிரிச்சாரு. மூணு நாள் லேட்டா. இனிமே ஜோக் சொல்றப்ப கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லுன்னாரு."

"சரி. சாப்டியா?"

"சாயங்காலம் வரேன். லிஃப்ட் கிட்ட சொன்னத உக்காந்து முழுசா சொல்லணும் நீ."

வைத்துவிட்டாள். கோபமா, விளையாட்டா, தெரியவில்லை. அந்தக் குரலைப் பழக்கியவள் நான்.

முழுசாகச் சொல்லுமுன் இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். இந்த நோட்டிலும் இதுவரை எழுதாதது. கல்லூரியின் புதிய நூலகத் திறப்பு. ஆசிரியர் கூட்டத்தில் செயலர் என் கருத்தைக் கேட்டார். "கட்டடம் மிக அழகு. புத்தகம் வாங்கிக் கெடுத்துவிடாதீர்கள்" என்றேன், கல்முகத்தோடு. விளையாட்டாகச் சொன்னேன் என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னார்கள். மறுத்தேன். ராஜினாமாவை வாங்கிக்கொண்டார்கள். சுபாவுக்காக நான் வேலையை விடவில்லை; அந்த வருடம் அவளுக்கு ப்ளஸ் டூ இருந்தது, அவ்வளவுதான்.