வாங்கிக்கொண்ட தேன்

1979 அக்டோபர் 14, ஞாயிறு
தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேன். இன்று பழைய பேராசிரியரோடு பெரணிச் செடிகள் சேகரிக்கப் பொன்முடி அடிவாரத்துக் கல்லாறு போனேன். அதற்கு மேலே காட்டுக்குள் மலைவாசிகளான காணிக்காரர்களின் குடியிருப்பு. மழை பிடித்துக்கொண்டது, ஒரு குடிசையில் ஒதுங்கினோம். மாதி என்ற பெண், என் வயதுதான் இருக்கும், என் பெயர், தெரு எல்லாம் கேட்டுக்கொண்டாள். கிளம்பும்போது மூங்கில் குழாயில் தேன் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். காசு நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கூச்சம் போல.

அக்டோபர் 15
அம்மா அந்தத் தேனில்தான் பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்தாள். இப்படி ஒரு வாசனையா!

1980 பிப்ரவரி 10, ஞாயிறு
வலியசாலைத் தெருவே எங்கள் வாசலை வேடிக்கை பார்த்தது. மாதியும் அவள் அண்ணன் ஈச்சன் காணியும் விசாரித்து வந்துவிட்டார்கள். வனத்துறைக்காரர்கள் ஈற்றை மூங்கில் காட்டை வெட்டிவிட்டு யூகலிப்டஸ் நடப்போகிறார்களாம். மரவள்ளித் தோட்டம் வரை குறி போட்டாயிற்று. மாதியின் குடிசையும் குறிக்குள்.

நான் என்ன செய்ய முடியும் என்றேன்.

"தேன் வாங்கினியல்லோ," என்றாள் மாதி.

முன்பெல்லாம் ஓணத்துக்கு மலையிறங்கி அரண்மனைக்குத் தேன் கொண்டுபோவார்களாம். வாங்கிக்கொண்டவர், மலைக்காரர்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் அவர்களுக்காகப் போய்க் கேட்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. எனக்கு யார் சொன்னார்கள்! நான் என்ன ராணியா? பாங்க் பரீட்சை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறவள். தேனைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது - வெட்கக்கேடு.

கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் அப்பா. அம்மாதான் இருவருக்கும் காப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சுவாமிக்கு அபிஷேகம் பண்ணியாச்சு. இனி எங்கேந்து திருப்பிக் குடுக்கறது? போய்க் கேளு, சூடாமணி."

பிப்ரவரி 14
மனு எழுதிக்கொண்டு வனத்துறை அதிகாரியைப் பார்த்தோம். மாதி தேன் குழாயை நீட்டியதும் பதறிப்போய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "ஐயோ, இதொன்னும் பாடில்ல, கூடாது! லஞ்சமாயிடும்." கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஈச்சன் காணி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். "வாங்கல்லே. அப்ப நம்மளுக்கு ஆளில்லை."

திரும்பும் பஸ்ஸில் மாதியின் மடியில் அந்தக் குழாய். பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருவர் வாங்காவிட்டால் என்ன? ஊரே வாங்கட்டுமே!

மார்ச் 2
கல்லாறு டீக்கடைத் தங்கப்பன், பொன்முடி பஸ் கண்டக்டர், பேராசிரியர், ஹாஸ்டல் பெண்கள் என்று ஆளுக்கு ஒரு சின்னக் குழாய். விவரம் சொல்லிவிட்டுத்தான் நீட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "என்னை மட்டும் சொல்லாமல் மாட்டிவிட்டாயே" என்றதற்கு மாதி சிரித்த சிரிப்பு! சிலர் கையை இழுத்துக்கொண்டார்கள். தங்கப்பனோ, "அதுக்கென்ன, கேட்டாப் போச்சு" என்று அங்கேயே விரலைவிட்டு நக்கிப் பார்த்தார்.

மார்ச் 24
தேன் வாங்கிய எல்லோரும் மனுவோடு செக்ரட்டேரியட் வாசலில். கண்டக்டர் காக்கிச் சட்டையோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 9
ஓடைக்கு இந்தப் பக்கம் இந்த வருஷம் நடவு இல்லை என்று உத்தரவு. மாதியின் குடிசை தப்பியது. இந்த வருஷம் சரி - அடுத்த வருஷம்? மேலே உள்ள குடியிருப்புகளில் இருந்தும் கூப்பிடுகிறார்கள்.

ஏப்ரல் 21
பாங்க் வேலை வந்தது. கொல்லத்தில். வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை அப்பா, ஏதாவது சொல்லுங்கோளேன்.

ஜூன் 8, கல்லாறு
தங்கப்பன் வீட்டு மச்சில்தான் இப்போது ஜாகை. மத்தியான பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். "உங்கம்மா குடுத்துவிட்டா" என்று நேந்திரங்காய் உப்பேரி டப்பாவை வைத்தார். வீட்டுக்கு வா என்று கூப்பிடத்தான் வந்திருக்கிறார் என்று மனசுக்குள் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். அப்போது மாதி வந்தாள். யாரென்று தெரிந்ததும் தன் கூடையிலிருந்து ஒரு குழாயை எடுத்து அவரிடம் நீட்டினாள். விவரம் சொல்ல நான் வாய் திறந்தேன்.

அப்பா கையமர்த்தினார். "தெரியும்டி. அன்னிக்கு நானும் கூடத்துலதானே இருந்தேன்."

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.