தறியை ஏன் நிறுத்தினீங்க?

கண்ணு,

தறியில உக்காந்துக்கினே எழுதறேன், எழுத்து கோணலா இருக்கும். ரெண்டு வரி எழுதறதும் நாலு இழை நெய்யறதுமா இருக்கேன்.

ஆஸ்பத்திரியில இனிமே வீட்டுலயே வெச்சுப் பாத்துக்குங்கன்னு அம்மாவை அனுப்பினாங்க இல்ல, அதுலேர்ந்து ஷாரோன்னு ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருது. முதல் நாளு வலிக்கு மருந்து குடுத்துட்டு, அம்மா கையைப் பிடிச்சுக்கினு ஒரு மணி நேரம் பேசிக்கினே இருந்துச்சு. எனக்கு எரிச்சல். வைத்தியம் பாக்க வந்தியா, கதை பேச வந்தியான்னு கேட்டுட்டேன்.

அது கோவிச்சுக்கல. "அப்பா, தறியை ஏன் நிறுத்தினீங்க?"ன்னு கேட்டுச்சு.

சீக்காளி இருக்கிற வீட்டுல சத்தம் ஆவாதுன்னு நான்தான் நிறுத்தினேன். நமக்காகப் பக்கத்து வீட்டுலயும் நிறுத்திட்டாங்க. முப்பது வருஷமா தறிச் சத்தத்துல தூங்கினவளுக்கு அந்த அமைதியில கண்ணே மூடலையாம். என்கிட்ட சொல்லல, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா.

இப்ப கட்டிலைத் தறிகிட்டயே போட்டுட்டோம். நான் நெய்ய நெய்யத் தூங்கறா.

இந்தச் சேலையோட தறியில ஏத்தின பாவு நூல் தீந்துடும், அப்புறம் தறிச் சத்தமும் நின்னுடும். முந்தி மட்டும்தான் பாக்கி. ஒரு நாள் வேலையை நாலு நாளா இழுத்துக்கினு இருக்கேன்.

லீவுக்குக் காத்திருக்காத. முந்தி முடியறதுக்குள்ள வந்துடு.

உன் அப்பா